மூலம் இன்றி மருந்து இல்லை

மானிப்பாய்ச் சந்தியிலிருந்து ஆறு கடை தள்ளி இருக்கிற பார்மசியில் ஓர் அறிவித்தல் பலகை தொங்குகிறது. வெள்ளைப் பலகை, நீல எழுத்து. பஸ்ஸில் போகிறவர்களும் வாசிக்கலாம்: "மூலம் இன்றி மருந்து வழங்கப்படமாட்டாது."

எழுதக் கொடுத்தவள் ஜெசிதா, அந்தக் கடையின் பதிவு பெற்ற மருந்தாளர். அவள் கொடுத்தது "வைத்தியர் கையொப்பமிட்ட மூல மருந்துச்சீட்டு இன்றி" என்று தொடங்கி மூன்று வரி. பலகை அடிக்கிறவர் எழுத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, இவ்வளவும் கொள்ளாது, கருத்தை வைத்துக்கொண்டு சுருக்கித் தருகிறேன் என்றார். சுருக்கினார். ஒரு கிழமை கழித்துக் கடைக்கு வந்த ஒரு ரீச்சர் பலகையை நிமிர்ந்து பார்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, அப்ப மூலவருத்தம் உள்ள ஆக்களுக்கு மட்டும்தானோ மருந்து என்று கேட்டார். அதற்குள் யாரோ படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டு, லண்டனில் இருக்கிற சனமும் சிரித்து முடித்திருந்தது.

வேறொருத்தி என்றால் அன்றைக்கே பலகையைக் கழற்றியிருப்பாள். ஜெசிதா கழற்றவில்லை. மூலம் என்றால் மூலப்பிரதி, நகல் அல்லாதது. சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது, பலகையில் பிழை இல்லை, பிழை வாசிக்கிற ஆக்கள் நினைக்கிற இடத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

அவள் அப்படித்தான். குருநகர் ஆள். தகப்பன் கடலுக்குப் போனவர். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து எல்லாரும் வெளிக்கிட்டு ஓடினபோது அவளுக்கு வயது பதின்மூன்று. இடம்பெயர்ந்து இருந்த பள்ளிக்கூடத்தில் வாசிக்க ஒன்றும் இல்லை. நிவாரண மருந்து பிரிக்கிற இடத்தில் மட்டும், மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கிற மெல்லிய கடுதாசிகள் குவிந்து கிடந்தன. மற்றப் பிள்ளைகள் அதில் கப்பல் செய்து விட்டார்கள். இவள் கப்பலைப் பிரித்து வாசித்தாள். இப்படி ஒருத்தியோடு யார் விளையாட வருவார்கள்? அவளுக்கு ஆங்கிலம் வந்தது அந்தக் கடுதாசிகளால்தான். இன்றைக்கும் வாந்தி, தலைச்சுற்று, தோல் அரிப்பு எல்லாம் ஆங்கிலத்தில் தண்ணீர் பட்ட பாடு. காலை வணக்கம் சொல்லத்தான் கொஞ்சம் திணறுவாள்.

மருந்தாளர் பரீட்சையை மூன்றாம் முறை எழுதித்தான் சித்தியடைந்தாள். சான்றிதழ் கைக்கு வந்தபோது கையில் ஒரு குழந்தையும் இருந்தது. அந்த நேரம் உரும்பிராய்ப் பக்கத்தில் பார்மசி வைத்திருந்த ஒருவர் வீடு தேடி வந்தார். தங்கச்சி வேலைக்கு வரத் தேவையில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கட்டும், சான்றிதழை மட்டும் தந்தால் போதும் என்றார். மருந்தாளருடைய சான்றிதழ் கடைச் சுவரில் தொங்கவேண்டும், மருந்தாளர் இல்லாத நேரம் கடை திறந்திருக்கக் கூடாது. இதுதான் சட்டம். ஆனால் சான்றிதழைச் சுற்றி அடிக்கிற நாலு மரச் சலாகைக்கும் தமிழில் சட்டம் என்றுதான் பெயர். அந்தச் சட்டம் சரியாக இருந்தால் மற்றச் சட்டத்தை ஒருவரும் தேடுவதில்லை. ஜெசிதாவும் கொடுத்தாள். எல்லாரும்தான் கொடுக்கிறார்கள்.

சான்றிதழைக் கொடுத்து ஏழாம் மாதம் ஒரு பெண் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவளுடைய தாய்க்கு உரும்பிராய்க் கடையில் கிறுக்கல் எழுத்தைப் பிழையாக வாசித்து, பிரஷர்க் குளிசைக்குப் பதிலாகச் சீனிவருத்தக் குளிசையைக் கொடுத்திருக்கிறார்கள். மனுசி மயங்கி விழுந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பியிருந்தார். அந்தப் பெண் சண்டை பிடிக்க வரவில்லை. பற்றுச்சீட்டில் மருந்தாளர் என்று உங்கடை பெயர் இருக்கு, நீங்கள்தானோ தந்தது என்று மட்டும் கேட்டாள். ஜெசிதாவுக்கு ஓம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இரண்டும் பொய். அடுத்த நாள் உரும்பிராய்க்குப் போய், கதிரையில் ஏறி, சான்றிதழைத் தன் கையாலேயே கழற்றிக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அந்தச் சான்றிதழ் தொங்குகிற இடத்துக்குக் கீழேதான் அவள் இருப்பாள். மானிப்பாய்க் கடையில் பதினொரு வருசம். மத்தியானம் சாப்பிடுவதும் அதன் கீழேதான்.

கடை முதலாளி கோபிசங்கர் ரொறன்ரோவில் இருக்கிறார். கடையில் மூன்று கமரா பூட்டி, போனில் பார்ப்பார். கமராவுக்கு வாயும் உண்டு. சாமான் வாங்க வந்த சனம் முதல் தரம் அந்தக் குரலைக் கேட்டுப் பயந்து அண்ணாந்து பார்க்கும். இரண்டாம் தரம் அண்ணாந்து வணக்கம் சொல்லும்.

போன ஒக்டோபர் முதலாம் திகதி, புதன்கிழமை காலை பத்து மணிக்கு சிமியோன் கடைக்கு வந்தார். அவரும் குருநகர்தான். பிரான்சில் இருக்கிற மகன் மானிப்பாயில் கட்டிய வீட்டில் இப்போது மனைவி செபஸ்தியம்மாவோடு இருக்கிறார். செபஸ்தியம்மாவுக்கு வலிப்பு. ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்கு ஒரு குளிசை. அது கடையில் பூட்டு அலுமாரிக்குள் இருக்கிற சாதி மருந்து. விரும்பின ஆளுக்கு விரும்பினபடி எடுத்துக் கொடுக்க ஏலாது. நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்த வருசத்தில் அந்தக் குளிசை இரண்டு நாள் தவறியது. செபஸ்தியம்மா கிணற்றடியில் விழுந்தார். நெற்றியில் ஏழு தையல். அந்தத் தழும்பை ஜெசிதா ஒவ்வொரு ஞாயிறும் குருநகர்க் கோயில் பூசையில் பார்க்கிறாள்.

சிமியோன் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, அடையாள அட்டை நீட்டுகிற மாதிரி நீட்டினார். சனிக்கிழமைகளில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ரவுணுக்கு வருகிற நரம்பு டொக்டர், போன மாதம் முதல் தரமாகப் போனுக்கு அனுப்பிய மருந்துச்சீட்டு அது. ஊரில் அதற்குப் பெயர் போன் துண்டு. அதில் இருந்த கறுப்புக் கட்டக் கியூஆர் குறியைச் சிமியோன் படம் எடுக்கிற கடையில் அச்சடித்து, லமினேற் பண்ணி, மூலையில் ஓட்டை போட்டு, வீட்டுத் திறப்போடு கோத்திருந்தார்.

ஜெசிதா குறியைக் கருவியில் காட்டினாள். சிவப்பில் எழுத்து வந்தது: ஏற்கனவே வழங்கப்பட்டது.

"திருப்பி அடி பிள்ளை. இண்டைக்குத்தானே ஒண்டாந் திகதி. கோட்டா இப்பதான் ஏறும்."

ஜெசிதாவுக்கு அப்போதுதான் விளங்கியது. பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் எல்லாருக்கும் இப்படித்தான் ஒரு கறுப்புக் கட்டம் தந்தார்கள். கிழமைக்குக் கிழமை கோட்டா தானாக ஏறும். அதை லமினேற் பண்ணி மோட்டார் சைக்கிளில் தொங்கவிடாத வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை. மருந்துக்கும் அப்படித்தான் என்று சிமியோன் நினைத்திருந்தார். மாதம் பிறக்கும், கோட்டா ஏறும், குளிசை வரும். யோசித்துப் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இல்லாமலும் இல்லை.

இது ஒரு தரம்தான் செல்லும், குளிசை கொடுத்த உடனே செத்துவிடும், டொக்டர் திரும்ப அனுப்பவேண்டும் என்று அவள் சொன்னாள். சிமியோனின் முகம் மாறியது. நேற்றிரவு போட்டதுதான் கடைசிக் குளிசை.

டொக்டருடைய இடத்துக்கு ஜெசிதாவே போன் எடுத்தாள். டொக்டர் கொழும்பில் சத்திரசிகிச்சையில் நிற்கிறார், பின்னேரமும் சொல்ல முடியாது, புதுச் சீட்டு அனுப்ப அவரால்தான் முடியும் என்றார்கள். ஆனால் நல்ல மனதுள்ள பிள்ளை ஒன்று, கோப்பிலிருந்த பழைய துண்டைப் படம் எடுத்து சிமியோனுடைய வட்ஸ்அப்புக்கு அனுப்பியது. சிமியோன் போனைத் தூக்கிக் காட்டினார். கையெழுத்து இருக்கு, சீல் இருக்கு, இன்னும் என்ன வேணும் என்றார்.

"படம் சரிவராது மாமா. மூலம் வேணும்."

"மூலமோ? எனக்கு அது இல்லைப் பிள்ளை. இவளுக்கும் வலிப்பு மட்டும்தான்."

பின்னால் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். சிமியோன் சிரிக்கவில்லை. அவர் பகிடிக்குச் சொல்லவில்லை.

அப்போது கமரா கதைத்தது. ரொறன்ரோவில் நேரம் சாமம் கடந்திருக்கும், கோபிசங்கருக்கு நித்திரை வராது போல. "தங்கச்சி, தெரிஞ்ச மனிசன்தானே. குடுத்து விடுங்கோ. துண்டு வந்தாப் பிறகு புத்தகத்தில எழுதலாம்." வரிசையும் அதையே சொன்னது. பாவம் வயது போன மனிசன், ஒரு குளிசைதானே, கடவுளுக்குப் பொறுக்காது என்றார்கள்.

ஜெசிதா பூட்டு அலுமாரியைப் பார்த்தாள். திறப்பு அவளுடைய கழுத்துச் சங்கிலியில், அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. கையெட்டுகிற தூரம். அவளுக்கு சிமியோனில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு படத்தை இந்தக் கடையில் காட்டலாம், அடுத்த கடையில் காட்டலாம், பத்துப் பேருக்கு அனுப்பலாம், பத்துப் பேரும் வாங்கலாம். இந்தச் சாதிக் குளிசையை நித்திரைக்கும் வெறிக்கும் தேடித் திரிகிற பெடியள் ஊரில் இருக்கிறார்கள். தெரிந்த மனிசனுக்கு ஒரு சட்டம், தெரியாத மனிசனுக்கு ஒரு சட்டம் என்றால், உரும்பிராயில் நடந்ததும் அதுதானே. அங்கேயும் எல்லாரும் தெரிந்தவர்கள்தான். நெற்றியில் ஏழு தையல் ஒரு பக்கம், வாசலில் வந்து நின்ற பெண் மறுபக்கம். இரண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இது போதாதென்று, மருந்துப் பரிசோதகர் அந்தக் கிழமை மானிப்பாய்ப் பக்கம் திரிகிறார் என்று எல்லாக் கடைக்கும் கதை வந்திருந்தது.

அவள் எழும்பினாள். சிமியோனிடம் செபஸ்தியம்மாவின் கிளினிக் கொப்பி எங்கே என்று கேட்டாள். வீட்டில் என்றார். வரிசையில் நின்ற நாலு பேருக்கும் மருந்து கொடுத்து முடித்தாள். பிறகு மின்விசிறியை நிறுத்தினாள்.

"தங்கச்சி, என்ன செய்யிறியள்?" என்றது கமரா.

"கடை பூட்டுறன்."

"பத்தரைக்கோ?"

"நான் இல்லாத நேரம் கடை திறந்திருக்கக் கூடாது, அண்ணை. பூட்டி இருக்கக் கூடாதெண்டு எங்கையும் எழுதேல்லை."

இப்படி நினைத்த நேரம் பூட்டிப் போகிறதென்றால் தான் வேறு ஆளைப் பார்க்கவேண்டி வரும் என்று கோபிசங்கர் சொல்லத் தொடங்கினார். பாதியில் சட்டர் விழுந்தது. பதினொரு வருசத்தில் முதல் தரம், அந்தச் சான்றிதழ் பகல் வேளையில் தனியே இருட்டில் தொங்கியது.

சிமியோன் வீட்டில் செபஸ்தியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சங்கதியைக் கேட்டதும் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த மனிசன் கலியாண சேட்டிபிக்கேற்றையும் லமினேற் பண்ணினவர், பிள்ளை. ஆர் வந்து களவெடுக்கப் போகினம்?" என்றார். சிமியோன் அதற்கு, ஈரம் படாமல் இருக்கட்டும் என்றுதான் என்று முணுமுணுத்தார். கடலில் நாற்பது வருசம் நின்ற மனிசனுக்கு ஈரம்தான் எதிரி.

ஜெசிதாவின் ஸ்கூட்டரில் இரண்டு பேர்தான் போகலாம், ஹெல்மெற்றும் இரண்டுதான். மூன்று பேராக ஏறிப் போகலாம் என்று சிமியோன் சொன்னதற்கு அவள் பார்த்த பார்வையில் அவர் சைக்கிளை எடுத்தார். செபஸ்தியம்மா ஹெல்மெற் போட்டு, அதற்கு மேலே முந்தானையையும் இழுத்துவிட்டு ஏறினார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் நாற்பத்தேழாம் நம்பர் கிடைத்தது. நீள வாங்கில் குந்தியபடி ஜெசிதா போனைப் பார்த்தாள். கோபிசங்கரிடமிருந்து ஏழு அழைப்பு. போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். வேலை போனால் என்ன செய்வது என்று ஒருக்கால் யோசித்தாள். மகள் அடுத்த வருசம் உயர்தரம். இந்த வயதில் இன்னொரு கடைச் சுவரில் ஆணி அடிக்கவேண்டும். பக்கத்தில் இருந்த செபஸ்தியம்மா கிளினிக் கொப்பியால் விசிறிக்கொண்டே, என்னாலை உனக்குக் கரைச்சலோ பிள்ளை என்று கேட்டார். இல்லை மாமி, கடையில் இண்டைக்குச் சனம் குறைவு என்றாள் ஜெசிதா. அவள் வாழ்க்கையில் மூலம் இல்லாமல் சொன்ன ஒன்றிரண்டு கதைகளில் அது ஒன்று.

டொக்டர் நிஷானி என்று ஓர் இளம் பிள்ளை. கொப்பியைப் பார்த்தார், தழும்பைப் பார்த்தார், கேள்வி கேட்டார். அந்தக் குளிசை அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருக்கவில்லை. வெளியில் எடுங்கோ, சனிக்கிழமை உங்கடை டொக்டரிட்டைப் போங்கோ என்று மூன்று நாளுக்கு எழுதிக் கையொப்பம் வைத்து, சீலும் குத்திக் கொடுத்தார்.

சிமியோன் துண்டைக் கும்பிட்டு வாங்கினார். வெளி வாசலுக்கு வந்தாயிற்று. ஜெசிதா துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள். பெயர் உண்டு, வயது உண்டு, அளவு உண்டு, கையொப்பம் உண்டு.

"திகதி இல்லை" என்றாள்.

"பிள்ளை, இண்டைக்கு என்ன திகதி எண்டு ஊருக்கே தெரியும்."

அவள் திரும்பி உள்ளே நடந்தாள். நாற்பத்தொன்பதாம் நம்பர்க்காரர் சட்டையைத் தூக்கி முதுகு காட்டிக்கொண்டிருந்த நேரம் கதவைத் தட்டினாள். டொக்டர் கொஞ்சம் எரிச்சலோடுதான் நிமிர்ந்தார். நீங்கள் நோயாளிக்கு என்ன முறை என்று கேட்டார். முறை ஒன்றும் இல்லை, மருந்து கொடுக்கப் போற ஆள் நான் என்றாள். டொக்டர் அவளை ஒரு நிமிசம் பார்த்துவிட்டுத் திகதியைப் போட்டார். போட்ட பிறகு, மற்றத் துண்டுகளையும் மேசையில் விரித்து, ஒவ்வொன்றாகத் திகதி பார்க்கத் தொடங்கினார்.

அவர்கள் திரும்பி வர மணி பன்னிரண்டரை. பூட்டிய சட்டருக்கு முன்னால், நிழல் இருந்த ஒரு முழ இடத்தில் ஒடுங்கிக்கொண்டு, கோப்பு ஒன்றைக் கக்கத்தில் வைத்தபடி ஒருவர் நின்றார். மருந்துப் பரிசோதகர் பிரகாஸ். வெயிலில் முகம் சிவந்திருந்தது. வெளிக் கமரா அவருடைய தலைக்கு நேரே மேலே, ஒரு சத்தமும் இல்லாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"வேலை நாளில கடை ஏன் பூட்டு?" என்றார்.

"மருந்தாளர் கடையில இல்லை, சேர்."

"மருந்தாளர் ஆர்?"

"நான்தான்."

"எங்கை போனனீங்கள்?"

"மூலம் எடுக்க."

பிரகாஸ் அவளைப் பார்த்தார். பிறகு மேலே பலகையைப் பார்த்தார். திரும்ப அவளைப் பார்த்தார். அரசாங்க உத்தியோகத்தில் சிரிக்கக் கூடாத இடங்கள் பல உண்டு, அவர் எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு நின்றார். சரிவரவில்லை. கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். ஸ்கூட்டரிலிருந்து இறங்கிய செபஸ்தியம்மாவும் ஹெல்மெற்றுக்குள் சிரித்தார். சைக்கிளில் மூச்சு வாங்க வந்து சேர்ந்த சிமியோன், என்ன பகிடி என்று விளங்காமல், மரியாதைக்குச் சிரித்தார்.

சட்டர் ஏறியது. பரிசோதகர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கழுத்துத் திறப்பால் அலுமாரியைத் திறந்து, மூன்று குளிசையை வெட்டி உறையில் போட்டு, எந்த நாள், எத்தனை மணி என்று எழுதி, செபஸ்தியம்மாவின் கையிலேயே கொடுத்தாள். புத்தகத்தில் பதிந்தாள். துண்டைக் கோப்பில் குத்தினாள். பிரகாஸ் அந்தக் கோப்பைப் பின்னோக்கி, ஆறு மாதத்துக்குத் துண்டு துண்டாகப் புரட்டினார். திகதி இல்லாத ஒன்றும் அகப்படவில்லை. போகும்போது, பலகையை மட்டும் மாற்றினால் நல்லது என்றார். எந்தப் பிரிவில் அப்படி இருக்கிறது என்று ஜெசிதா கேட்டாள். உண்மையாகத்தான் கேட்டாள். அவர் யோசித்துப் பார்த்து, ஒன்றிலும் இல்லை என்று ஒப்புக்கொண்டு போனார்.

ஜெசிதா அலுமாரியைப் பூட்டினாள். பிறகு கமரா செருமியது.

"அவருக்குத் தேத்தண்ணி கிண்ணி குடுத்தனீங்களோ தங்கச்சி?"

அவ்வளவுதான். வேறு ஆள் பார்க்கிற கதை அதற்குப் பிறகு வரவில்லை.

சிமியோன் இன்னும் போகவில்லை. கோப்பில் குத்தியிருந்த துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அதைத் தந்தால் லமினேற் பண்ணி வைக்கலாம் என்றார். இது கடையில்தான் இருக்கவேண்டும், இதுதான் மூலம், குளிசை உங்களுக்கு, மூலம் எனக்கு என்று அவள் விளங்கப்படுத்தினாள்.

சிமியோன் தலையாட்டினார். "அப்ப சரி. மூலம் உனக்கே இருக்கட்டும் பிள்ளை."

இந்த முறை ஜெசிதாவும் சிரித்துவிட்டாள். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை ரொறன்ரோவில் ஒருவர் பார்த்திருக்கக்கூடும்.

அவர்கள் வெளிக்கிடும்போது, இரவு எட்டு மணிக்குக் குளிசை போட்டதும் ஒரு மிஸ்ட் கோல் அடிக்கச் சொல்லிவிட்டாள். எடுக்கமாட்டேன், அடித்தால் விளங்கும் என்றாள். எட்டு மணிக்கு அவள் குருநகர் வீட்டில் மகளுக்குப் புட்டு வைத்துக்கொண்டிருந்தாள். எட்டு ஐந்துக்குப் போனை ஒருக்கால் பார்த்தாள். எட்டுப் பத்துக்கு அகப்பையை வைத்துவிட்டு, போனைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். அது அடித்தது. ஒருக்கால் அடித்து நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள்.

சிமியோன் இல்லை. செபஸ்தியம்மாவின் குரல்.

"பிள்ளை, மூலம் கதைக்கிறன். குளிசை போட்டாச்சு."